மாமா எடுத்த சோல்டரிங் அயன்

சாமான் வாங்க டவுனுக்குப் போவதென்றால், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் என் மாமாவைக் கூட்டிக்கொள்ளாமல் போகமாட்டார்கள். பானையோ குடையோ பள்ளிச் சப்பாத்தோ, அவர் கையில் தூக்கிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தே எடுத்துப் பழகியவர். அந்த ஒரே கணக்கை உலகத்துச் சாமான் எல்லாவற்றுக்கும் போட்டு எங்கள் உயிரை வாங்கினார்.

அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது ஒரு சோல்டரிங் அயன். ஈயத்தை உருக்கிச் சின்னச் சின்னக் கம்பிகளை ஒட்டுவதற்கு. மழைத்துளி பட்டதும் கத்துகிற கருவி ஒன்று செய்து பள்ளிக் கண்காட்சியில் வைக்கப் போகிறேன். எங்கள் மலையில் மழையைச் சொல்ல ஒரு கருவியா என்று சிரிக்காதீர்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனபின், கொடியில் கிடக்கும் துணி நனையாமல் எடுத்து வைப்பது என் பொறுப்பு. தவறினால் சாயங்காலம் ஏச்சு நிச்சயம். விஞ்ஞான டீச்சர் தன்னிடமிருந்த, செப்புக் கோடு ஓடும் ஒரே சர்க்கிட் பலகையையும் ட்ரான்சிஸ்டரையும் கொடுத்தார். "சின்ன அயனா வாங்கு, முனை பென்சில் மாதிரி இருக்கணும். இது போச்சுன்னா என்கிட்ட வேற இல்ல" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ராகலை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன் முறை. என்ன வேலைக்கு என்று கேட்டுக்கொண்டு, குனிந்து, கீழ்த் தட்டிலிருந்து மெல்லிய அயன் ஒன்றை எடுத்து வைத்தார். டீச்சர் சொன்ன அதே முனை. மாமா அதை உள்ளங்கையில் வைத்தார். அவர் முகம் கோணியது.

"என்னாங்க நானா, ஈர்க்குச்சி மாதிரி இருக்கு? அந்தா, மேல இருக்கே, அத எடுங்க."

"அது வாளி, தகரம் ஒட்டுறதுக்கு தம்பி. புள்ளட வேலைக்கு இதுதான் சரி."

"மேல இருக்குறத எடுங்கன்னேன்."

"மாமா, டீச்சரு சின்னதுதான்..." என்று அவர் சட்டையை இழுத்தேன்.

"நீ சும்மா இரு புள்ள. நல்ல சாமான் வாங்குற எடத்துல வாயத் தொறக்காத."

மரப்பிடியும் கட்டைவிரல் பருமனில் முனையுமாக ஒரு தடியன் எங்களோடு பஸ் ஏறினான். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரரிடமெல்லாம், "எங்க மருமவளுக்குங்க" என்று பெருமையடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் முனையை வைத்தேனோ இல்லையோ, புகை. செப்புக் கோடு பலகையை விட்டுச் சுருண்டு எழுந்தது. ட்ரான்சிஸ்டர் கருகி நாறியது. நான் ஓவென்று அழுகிறேன், மாமா என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, என்னா சூடு!" இந்த மனுஷனை என்ன செய்வது? கண்காட்சியன்று அடுத்தவர்களின் கருவிகளைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு நின்றேன். வெளியே மழை வேறு. மாமாவோ ஞாயிற்றுக்கிழமை முழுக்க லயத்து ஓட்டை வாளிகளை எல்லாம் அதே அயனால் அடைத்து நல்ல பேர் வாங்கிக்கொண்டார்.

அதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன; பழைய ரேடியோக்களைத் திருத்துவது இப்போது என் பொழுதுபோக்கு. என் அயன் பழுதாகிப் போனதால் போன மாதம் நுவரெலியாவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டார், ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன். உடனே குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"ஒங்களுக்கு இது போதும்."

பென்சில் முனை. நான் தேடி வந்தது அதுதான். ஆனால் காது இரண்டும் சுட்டன. "மேல இருக்குறத எடுங்க" என்றது என் வாய்.

மாமாவைக் கண்டதும், தோட்டத்து ஆளுக்கு மலிவானது போதுமென்று எத்தனை கடையில் எத்தனை கை கீழ்த் தட்டுக்குப் போயிருக்குமோ. ராகலை நானா அன்றைக்கு நல்லதைத்தான் சொன்னார். மாமா பார்த்தது அவர் குனிந்ததை மட்டும். அட மனுஷா, அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் அந்த வயதில் எனக்கு என்ன விளங்கியிருக்கப் போகிறது.

பெரியதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒட்டுவதற்கு ஓர் ஓட்டை வாளிகூட இல்லை.