கஞ்சாக் கன்றும் புகையிலைக் கையும்

விதையை முளைக்கவைப்பது சுலபம். கூட வேலைசெய்பவரைச் சும்மா இருக்கவைப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். சொன்னதைக் கேட்காத ஆளோடு ஒரே நாற்றுமேசையருகே நின்று தலைமுடி கொட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற ஊருக்குப் பக்கத்தில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் முதலாளியம்மாவின் நாற்றுப்பண்ணையில் எனக்கு வேலை. எண்ணெய் எடுக்கும் விதைக்காக, மயக்கம் தராத கஞ்சா இனத்தை அனுமதியோடு வளர்க்கிறோம். கூட இருப்பவர் சேவியர் அண்ணை. யாழ்ப்பாணத்தில் புகையிலை நட்டவர். சின்யோராவின் எலுமிச்சை மரங்கள் அவர் கைக்குத்தான் காய்க்கும் என்பதால் அவரை யாரும் அசைக்க முடியாது. என்னை அசைக்கலாம். இந்தத் தடவை கன்றுகள் சரியாக வந்தால்தான் ஒப்பந்தம் புதுப்பிப்பேன் என்று சின்யோரா சொல்லிவிட்டார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவும் இல்லை.

ஈரத்துணி

விதையை ஈரக் காகிதத்தில் வைத்து, வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் சட்டியில் இடவேண்டும். அண்ணை முதல் தொகுதியைப் பயறுபோலத் துணியில் முடிந்து தொங்கவிட்டார். மூன்றாம் நாள் அவிழ்த்தால் வேரெல்லாம் துணியில் பின்னிக் கிடந்தது. இழுத்த இழுப்பில் பாதி அறுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் நிதானமாகத் துணியை உதறினார்: "துணி சரியில்லை பிள்ளை. பழைய வேட்டித்துணி எண்டால் இப்பிடிப் பிடிச்சிராது."

பூசை முடிந்து

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். நான் கஞ்சா நடுகிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இது மயக்கம் தராது, பதிவுசெய்த பண்ணை என்று நான் அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "மயக்கமும் இல்லையெண்டால் பிறகென்ன கண்டறியாத கஞ்சா?"

கிள்ளிய நுனி

இந்த இனம் நாள் வந்ததும் தானாகவே பூத்துவிடும். வேர் அடிபட்டாலும் நுனி போனாலும் காயம் ஆறும்வரை காத்திராது; குள்ளமாக நின்றே பூக்கும். அதனால் வேர்மண் கலையாமல் ஒரே ஒரு தடவைதான் சட்டி மாற்றலாம். இதை அண்ணைக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான், பெர்மெஸ்ஸோவுக்குப் படம் எடுக்கப் நகரத்துக்குள் பொலிதேயாமாப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது ஒரு மேசைக் கன்று முழுவதும் மண் உதறி நடப்பட்டு, நுனி கிள்ளப்பட்டு, வரிசையாக நின்றது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேவிட்டேன். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நுனி கிள்ளினால்தானே புகையிலை இலை பெருக்கும். நீ தனியக் கஷ்டப்படுவாய் எண்டுதான் நானே கிள்ளிவிட்டனான்."

கையெழுத்து

சில கிழமைகளில் அந்த மேசை ஒரு சாண் உயரத்தில் பூத்தது. சின்யோரா வந்து பார்த்தார். பக்கத்து மேசையில் நான் நட்டவை இடுப்புயரம் நின்றன. யார் வேலை இது என்று கேட்டார். அண்ணை எலுமிச்சை மரங்களைப் பார்த்தார். நான் அன்று அங்கே இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். கதை முடிந்தது, பெட்டி கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். சின்யோரா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்: "எலுமிச்சைக்கு அவர் வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். இதில் கையெழுத்துப் போடு."

ஆக, நான் இன்னும் கொஞ்சக் காலம் இத்தாலியில் இருப்பேன், சேவியர் அண்ணையின் விரல் நகத்துக்குப் புண்ணியம்.