படத்தில் இல்லாத சாரி கார்டு

"காலை 10.15 முதல் பிற்பகல் 1.40 வரை. விளக்கு இரண்டு, ஹாரன் ஒன்று பொருத்தியாயிற்று. சாரி கார்டு கழற்றப்பட்டது. விரலில் இரண்டு காயம். வண்டி இப்போது படத்தில் உள்ளபடியே இருக்கிறது. அழகு."

ஏப்ரல் மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை எழுதிய டைரிக் குறிப்பு. வேறு யாரோ எழுதியது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் தேதிக்குக் கீழே இரட்டைக் கோடு போடுகிற அசடு எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான்.

அந்தப் பழைய டைரியைத் தேட வைத்தவன் என் மகன் ஸ்ரீராம். போன ஞாயிறு, திலக் நகர் வீட்டுக் காம்பவுண்டில் மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பார்சல்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்போன் தாங்கி, மூடுபனி விளக்கு, டாங்கில் ஒட்டப் பனிமலைப் படம். சியான் மேம்பாலத்தைவிட உயரமான எதிலும் ஏறியிராத வண்டி அது. செம்பூரில் மூடுபனி என்று வருவது டிராம்பே பக்கத்து ஆலைப் புகை. அதை விளக்குப் போட்டுப் பார்த்து என்ன ஆகவேண்டும்? ஒரு பழைய செய்தித்தாளின் மேல் சாரி கார்டு கிடந்தது. பின்சக்கரத்தில் சேலை போய்ச் சிக்காமல் இடப்பக்கம் மறைக்கிற கம்பிச் சட்டம். உங்களுக்குத் தெரியாதது இல்லை.

"அதை ஏன்டா கழட்டினே?"

"லுக்கே போயிடறதுப்பா. டென்ஷன் மத் லோ, ஒண்ணும் ஆகாது. வீடியோல கழட்டித்தான் காட்றான்."

பிரித்த பார்சலிலிருந்து புது ரப்பர் வாசனை வந்தது. அந்த வாசனைக்கு என்னிடம் ஒரு பழைய பாக்கி உண்டு.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். ஆபீசில் எனக்கும் பக்கத்து மேஜைப் பாலக்காட்டுக் கிச்சுவுக்கும் ஒரே வேலை: கடிதத்தின் நகலை அசலோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது. அசலில் இல்லாத ஒரு காற்புள்ளி நகலில் இருந்துவிட்டால் எங்களுக்கு மதியச் சாப்பாடு இறங்காது. இதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தோம் என்பதுதான் வெட்கக்கேடு.

என் மோட்டார் சைக்கிளுக்கு ஹாரனும் விளக்கும் வாங்கியது தாராவியில், செல்லத்துரை கடையில். திருநெல்வேலிக்காரர். தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். கிச்சு பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் விளக்கத்தாளை உயர்த்திக் காட்டி, "வேண்டாம், பேப்பர் இருக்கு" என்றான்.

"பேப்பரா வந்து மாட்டப் போவுது? சரி சார், படிச்சவிய. சாரி கார்ட மட்டும் தொட்டுராதிய. அக்கா ஒருபக்கமாத்தான உக்காருதாவ?"

வழியெல்லாம் சிரித்தோம். "அவருக்கு இதுல ஒரு வரி படிக்கத் தெரியாதாக்கும்" என்றான் கிச்சு. நான் தலையாட்டினேன். இன்று அந்தத் தலையை நினைத்தால் அதன் கனம் முழுவதும் எண்ணெயும் முடியும்தான் என்று தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விளக்கத்தாளை வரிவரியாகப் படித்தோம். ஒரு சொல்லுக்கு அகராதிகூடப் புரட்டினோம். தாளின் கீழே, எல்லாம் பொருத்திய பிறகு வண்டி எப்படி இருக்கும் என்று ஒரு படம். ஏதோ வெளிநாட்டு வண்டி. வேலை முடிந்ததும் கிச்சு படத்தையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தான்.

"படத்துல இந்தக் கம்பி இல்லையாக்கும்."

"அதனால?"

"அப்போ இது அதிகப்படி. எடுத்துக் களையும் ஓய்."

சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள். ஆபீஸ் பழக்கம் அது: அசலில் இல்லையென்றால் நகலில் இருக்கக் கூடாது. அந்த நாட்டில் யாரும் சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்து போவதில்லை, ஆகவே படத்தில் கம்பி இல்லை என்று இரண்டு பட்டதாரிகளுக்கும் தோன்றவில்லை. கழற்றிய கையோடு அதைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தோம்.

அதோடு சேர்ந்து, பெண்கள் கால் வைக்கும் படியும் போயிற்று. மறுநாள் என் மனைவி லலிதா, "காலை எங்கே வெச்சுக்கறது?" என்று கேட்டாள். "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பதினேழு நாள் கழித்துப் புதன்கிழமை அவளுக்கு மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. பதினொரு மணிக்கு. ஒரே ஒரு நிரந்தர ஆசிரியை இடம். அதற்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். அரக்கு நிறச் சேலை, மடியில் சர்டிபிகேட் பை. 9.50க்குக் கிளம்பினோம். பஸ்ஸில் போகிறேன் என்றவளை, "நம்ம வண்டி எதுக்கு இருக்கு?" என்று ஏற்றிக்கொண்டவன் நான்தான்.

சியான் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழிவிடாமல் போனது. எனக்கு வேண்டியதும் அதுதான். புது ஹாரன் விதவிதமாக ஊளையிடும். ஒவ்வொரு ஊளையாக அடித்துக்காட்டினேன். முதுகில் யாரோ குத்துவதுபோல இருந்தது. பயத்தில் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். பக்கத்தில் வந்த பஸ்ஸின் கண்டக்டர் தகரத்தைப் படபடவென்று தட்டி, "அரே பாய், ஸாடி! ஸாடி தேக்!" என்று சேலையைக் காட்டிக் கத்தினார்.

நிறுத்தினேன். தலைப்பு பின்சக்கரத்தில் சுற்றி அவளைச் சாய்த்து இழுத்திருந்தது. இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் இந்தக் கட்டுரையை இந்தக் குரலில் எழுதியிருக்க மாட்டேன். பப்பாளிக்காரர் ஒருவர் கத்தியோடு ஓடிவந்து துணியை அறுத்துவிட்டார். கிழிந்த முனையை லலிதா மடித்து ஊக்கு குத்திக்கொண்டாள்.

"ஹாரன் நன்னாக் கேக்கறது" என்றாள். "நான் கத்தினதுதான் கேக்கலை."

நின்றிருந்த அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் சக்கரத்திலிருந்து அரக்கு நூலைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றே தாராவிக்குப் போய் வேறொரு சாரி கார்டு மாட்டிக்கொண்டேன். செல்லத்துரை நட்டை முறுக்கியபடியே, "ஏன் சார், பேப்பர்ல சேலயப் பத்தி ஒண்ணும் போடலியோ?" என்றார். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வேலை லலிதாவுக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகு வீட்டிலேயே டியூஷன் எடுத்தாள். என் பின்னால் வண்டியில் உட்காரவே இல்லை.

போன ஞாயிறு அவள் கீழே இறங்கி வந்து, செய்தித்தாளிலிருந்த சாரி கார்டை எடுத்து ஸ்ரீராமின் மடியில் வைத்தாள். "முதல்ல இதை மாட்டு."

"அம்மா, லுக்..."

"மாட்டு."

மாட்டினான். படத்தையும் வீடியோவையும் விட உரத்த ஒன்று அவனுக்காவது கேட்டது.

என்னுடைய அந்தப் பழைய வண்டி அம்பர்நாத்துக்காரர் ஒருவரிடம் போய், அங்கிருந்து எங்கோ போயிற்று. செல்லத்துரையின் கடை இருந்த சந்தே இப்போது இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. பள்ளியின் பதிவேடுகள் எங்கே என்று விசாரித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பால்காரன் தாமதமாக வந்ததைக்கூட நிமிடக் கணக்கோடு எழுதிவைத்த என் டைரியில் அந்தப் புதன்கிழமைக்கு ஒரே வரி: "சாரி கார்டு மறுபடி பொருத்தப்பட்டது."

நேற்று லலிதாவிடம் கேட்டேன். "அன்னிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தே?"

"என்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினாள்.

அவள் பதினொரு மணிக்குள் போனாளா, அவளைக் கூப்பிட்டார்களா, அல்லது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாளா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.