வாய் கொப்பளித்த கம்ப்யூட்டர்

என் அக்கா வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோ நடத்துகிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் போய் வீடியோ எடுப்பது அவர் வேலை. எடுத்ததை வெட்டி ஒட்டி மனிதர்கள் பார்க்கும்படி ஆக்குவது என் வேலை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். விசிட்டிங் கார்டில் அவர் தன்னை டைரக்டர் என்று போட்டுக்கொண்டிருக்கிறார்.

எடிட்டிங்குக்காக அவர் வாங்கியது தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டர். பிராசஸர் மேல் கைக்கடக்கமான பம்ப் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய்கள் ரேடியேட்டருக்குப் போகும். சூடான தண்ணீர் அங்கே விசிறிக் காற்றில் ஆறித் திரும்பி வரும். மணிக்கணக்கில் வீடியோ ஓட்டுகிற வேலைக்கு நல்ல சாமான்தான். ஆனால் மாமா அதற்காக வாங்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ரேடியேட்டர் விசிறிகளில் கலர் கலராக விளக்கு. கஸ்டமர் உட்காரும் சோபாவுக்கு எதிரே, மாலை மட்டும்தான் போடவில்லை, அப்படி வைத்தார்.

ஸ்டுடியோவுக்கு ஏசி போட்டு மறுபடி திறப்பு விழா நடத்தினார். அன்று நான் ரிஷிவந்தியத்தில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் விளக்கு வெளிச்சம் பெட்டியின் அடியிலிருந்து மேலே அடித்தது. அலங்காரத்தை மாற்றியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே சத்தம் ஆரம்பித்தது. காலையில் பல் தேய்த்துவிட்டு யாரோ வாய் கொப்பளிப்பது போல களகளவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி கொப்பளிக்கும். கொஞ்சம் வேலை கொடுத்தால் கரகரவென்று மாறும்.

"மாமா, இது இன்னா சத்தம்ங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி ஓடுற சத்தம்மா. வாட்டர் கூலிங்னா பின்ன சத்தம் வராதா? சத்தம் வந்தாதான் வேலை செய்துன்னு அர்த்தம்."

இதற்கு முன் இத்தனை மாதம் சத்தமே இல்லாமல் ஓடியதே, அப்போது வேலை செய்யவில்லையா என்று நான் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்டால் அவர் முகம் வாடிவிடும், பிறகு அக்கா எனக்குப் போன் பண்ணுவாள்.

சேலத்தில் அவருக்கு ஒரு நண்பர். கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட். அவர் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: தூசு. ப்ளோயர் அடித்தோம். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த தீர்ப்பு, கட்டடத்தில் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று போனார். பிறகு எக்ஸ்பர்ட் நேரிலேயே எழுந்தருளினார். பிரியாணி சாப்பிட்டார். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் காதைக்கூடக் கொண்டுபோகாமல் ஒரு விசிறியை மாற்றினார். அதன் பிறகும் அது கொப்பளித்தது.

"தண்ணி கம்மியாயிருக்கும். குழாயக் கழட்டி, இன்வெர்ட்டருக்கு ஊத்துற தண்ணிய ஊத்திடலாம்" என்றார்.

கம்பெனியில் சீல் வைத்து வரும் குழாய் அது. "கழட்டினா மதர்போர்டு மேல கொட்டிடும்ங்க" என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வந்த எரிச்சல் இருந்தது. நல்ல வேளையாக எக்ஸ்பர்ட்டுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கல்யாணமான பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அம்மா. வீடியோவைப் பார்த்து வாங்கிப் போக மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தாலி கட்டும் இடம் வருவதற்குள் பெட்டி கரகரவென்று கத்தி, திரை கறுத்துப் படுத்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி படுத்தது.

"கரண்டு ப்ராப்ளம்" என்றார் மாமா அவர்களிடம். என் பக்கம் குனிந்து, "மலைக்காரங்கதான, குந்திக்கினு இருப்பாங்க வுடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. மகளின் புடவை முந்தானையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். நான் திருப்புளியை எடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். மறுபடி ஓடவிட்டு, விசிறிகளின் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் நின்ற பிறகும் கொப்பளிப்பு நிற்கவில்லை. எனவே விசிறி இல்லை. ஆஃப் செய்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட்டேன். அதுவும் இல்லை. நீளத் திருப்புளியின் முனையை பம்ப் மேல் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்தினேன். உள்ளே களகளவென்று தெளிவாகக் கேட்டது. பெட்டியை மெல்லச் சாய்த்தேன். சத்தம் நின்றது. நிமிர்த்தினேன், வந்தது.

தண்ணீர் குறையவில்லை. காற்றுதான் வரக்கூடாத இடத்துக்கு வந்திருக்கிறது.

டீ குடித்துவிட்டு வந்த மாமாவிடம் கேட்டேன்: "இந்த ரேடியேட்டர் மேலதான இருந்துச்சு?"

"ஆமா. மேல இருந்தா லைட்டு ஒண்ணும் தெரியல. தொறப்பு விழாவுக்குன்னு சேலத்து ஃப்ரெண்டுதான் வந்து அடியில மாத்திக் குடுத்தாரு. இப்ப எப்படிக் கீது பாரு!"

மூடிய குழாயில் எப்போதும் துளிக் காற்று இருக்கும். அது உயரமான இடத்தில் போய் நிற்கும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அதன் மூலையில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். இவர்கள் ரேடியேட்டரை அடியில் போட்டார்கள், பம்ப் உயரமாகிவிட்டது. காற்று அங்கே வந்து சேர, பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் காற்றை மென்றது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் படுத்தது. எக்ஸ்பர்ட் தன் கையாலேயே செய்த கோளாறைத்தான் தூசியிலும் பூமிக்கடியிலும் தேடியிருக்கிறார்.

ரேடியேட்டரை மேலே ஏற்றி மாட்டினேன். பெட்டியை ஓடவிட்டு இரண்டு பக்கமும் சாய்த்தேன். ஒருமுறை பெரிதாகக் கொப்பளித்தது. பிறகு அமைதி. மலைக் குடும்பம் தாலி கட்டுவதைப் பார்த்தது. அந்த அம்மா தன் புருஷனுடைய தங்கை வீடியோவில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் பென் டிரைவோடு கிளம்பினார்கள்.

"ஏசி நல்லா கூலிங் ஆச்சு இல்ல, அதான் சரியாயிடுச்சு" என்றார் மாமா. போனில் எக்ஸ்பர்ட், தான் மாற்றிய விசிறி செட்டாக இவ்வளவு நாள் ஆனது என்றாராம்.

மறுநாள் ஒரு பெரிய இடத்துக் கல்யாணப் பார்ட்டி வருவதாகச் சொல்லி, ரேடியேட்டரை மறுபடி அடியில் மாட்டச் சொன்னார் மாமா. லைட் தெரியவில்லையாம்.

"முடியாது" என்றேன். "மாட்டினா அதுல நீங்களே எடிட் பண்ணிக்கோங்க."

கோபித்துக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்ல, அக்கா எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அந்த ஒரு வாரத்தில் தேங்கிக் கிடந்த வேலை அத்தனையும் முடிந்தது.