மாமா சொன்ன கிறிஸ்மஸ் படம்

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக ரொம்ப நாள் இருந்தது. பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் கட்டிடத்திலிருந்த மற்ற எல்லோரும் அவரை இங்கிலீஷ் புலி என்றே நம்பினார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் கீழ்வீட்டில் ஓடுகிற வெள்ளைக்காரப் படத்துக்கு வருஷா வருஷம் அவர்தான் கதை சொல்வார். டிவிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, படத்தில் இருப்பவர்கள் வாயைத் திறக்கும் முன்பே தமிழில் ஒரு தரம், பர்மியில் ஒரு தரம் பேசி முடித்துவிடுவார். அவர்கள் பேசட்டும் என்று காத்திருக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

உண்மையில் இங்கிலீஷ் தெரிந்தவள் அம்மாதான். சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். அன்று மத்தியானம் அச்சுமுறுக்கு சுடும்போது மாமா அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போவாள். மாமா பாதியை மனதில் வாங்கிக்கொண்டு, மீதிக்கு உப்பும் புளியும் தானே சேர்த்துக்கொள்வார். கூட்டத்துக்கு முன்னால் நின்று பேச அம்மாவுக்குக் கூச்சம். தம்பிக்கு நல்ல பேர் வந்தால் போதும் என்று அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

படம் பழைய கறுப்பு வெள்ளைப் படம். கப்பலில் வேலை பார்த்த அப்பா ஒரு லீவில் கொண்டுவந்த கேஸட். கதை சின்னதுதான். மலையூர் ஒன்றில் ஒரு ரயில் எஞ்சின் டிரைவர். மனைவியிடமும் மகளிடமும் கிறிஸ்மஸுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கிறிஸ்மஸ் ராத்திரி கதவு தட்டப்படுகிறது. திறந்தால் தொப்பி, தாடி, தோளெல்லாம் பனியாக ஓர் ஆள். அது டிரைவர் இல்லை. அவரோடு கரி அள்ளிப் போடுகிறவர். டிரைவரின் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த அம்மாள் அவர் மேலேயே சாய்ந்து அழுகிறாள். பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ரொட்டியும் விளக்குமாக வந்து அந்த வீட்டை நிறைத்துவிடுகிறார்கள்.

இந்தப் படத்தைத்தான் எங்கள் கட்டிடமே வருஷம் தவறாமல் பார்த்தது. இந்து, முஸ்லிம், புத்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். எந்த இடத்தில் அழவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழ்வீட்டு பர்மாக்கார அத்தை படம் தொடங்கும் முன்பே தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். அழுதது போதாமல், அந்த ஊர்க்காரர்கள் விளக்கோடு வரும்போது எழுந்து எல்லோருக்கும் அச்சுமுறுக்குத் தட்டை நீட்டுவாள்.

படத்தை எப்படி எடுத்தார்கள் என்றும் மாமா சொல்வார். பழைய புத்தகக் கடையில் ஏதோ பத்திரிகையில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார். பத்திரிகையிலிருந்த படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா, தானே பண்ணினாரா, கர்த்தருக்கே வெளிச்சம். அந்தப் பனி முழுக்க உப்பும் சோப்பு நுரையும் நறுக்கின காகிதமுமாம். எடுத்தது கொளுத்துகிற வெயிலில். நடித்த அம்மாள் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து மயங்கியே விழுந்தாளாம். கடைசிக் காட்சியில் கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று டைரக்டர் அவளிடம் சொல்லவில்லையாம். கதவைத் திற, நிற்கிற ஆள் மேல் சாய்ந்து அழு என்று மட்டும் சொன்னாராம்.

"அதான் பாரு, அவ சந்தோசத்துல அழுவுறாளா துக்கத்துல அழுவுறாளான்னு முகத்த வச்சு சொல்லவே முடியாது" என்பார் மாமா.

எனக்குப் புரியாமல் இருந்தது பனி. உப்பும் நுரையும் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. பனி என்றால் எனக்குத் தெரியாதா? மார்கழியில் விடிகிற நேரம் பசுந்தாங் ஓடையின் மேல் வெள்ளையாக இறங்கி, சம்பான் படகுகளை மறைத்து, கொடியில் காயும் லுங்கிகளை நனைக்கிறதே, அதுதான் பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பேர்தான். கீழ்வீட்டு அத்தையிடம் போய்க் கேட்டால், அவளும் இதையும் ஹ்னின் என்றாள், அதையும் ஹ்னின் என்றாள். இரண்டு பாஷையும் சேர்ந்து சத்தியம் செய்த பிறகு எனக்கு என்ன சந்தேகம் இருக்கமுடியும்? அந்த ஊரில் கொஞ்சம் கெட்டியாக விழுகிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதான வருஷம் அப்பா கப்பலுக்குப் புறப்பட்டபோது, எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "பனி விழட்டும், வந்துடுறேன்" என்றார். பனிக்காலத்தில் ஒப்பந்தம் முடிகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அப்பாவின் கப்பல் புயலில் கவிழ்ந்த செய்தி நவம்பரிலேயே வந்துவிட்டது. ஏஜன்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டு வந்தது மாமாதான். ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை. கிறிஸ்மஸ் முடிகிற வரைக்கும் பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கட்டிடமே அறிந்திருந்தது, நான் ஒருத்திதான் அறியவில்லை. அத்தனை குடித்தனங்களில் ஒரு வாய்கூட உளறவில்லை. எங்கள் கட்டிடத்தில் ஒரு ரகசியம் ஒரு மாதம் தங்கியது அது ஒரு தடவைதான்.

அம்மா வெள்ளை கட்டவில்லை. எனக்காகத் தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டாள். ஆனால் உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அடுப்பில் சோறு பொங்கி வழிய, கன்னத்தில் கையோடு இருந்தவளைப் பார்த்து, அவள் என்னைத் திட்டுகிற அதே வார்த்தையை அதே ராகத்தில் சொன்னேன்.

"என்னம்மா, கப்பல் கவுந்தாப்புல கன்னத்துல கை வச்சிட்டு இருக்க?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா பாதியில் நின்றார். அம்மா கையை எடுத்துவிட்டு, "இல்லடி, பல்லு வலி" என்றாள். அவளைக் கிண்டல் பண்ணி ஜெயித்துவிட்ட பெருமை எனக்கு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் விடிகாலையில் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். எதிர்க் கட்டிடம் காணவில்லை. தெரு காணவில்லை. ஓடையே காணவில்லை. அப்படி ஒரு பனியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. படத்தில் விழுகிற மாதிரியே கெட்டியாக விழுந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் மாடி மாடியாக ஜன்னல் திறந்தது.

"பனி விழுந்துடுச்சு! எங்கப்பா இன்னிக்கு வந்துடுவார்!"

தமிழில் கத்தியது போதாதென்று பர்மியிலும் கத்தினேன். படியிறங்கி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ச் சொன்னேன். மொஹிங்கா கடைக்காரர் மீன்குழம்பு ஊற்றிய சேமியா ஒரு கிண்ணம் விலையில்லாமல் கொடுத்து, என் தலையைத் தடவினார். கீழ்வீட்டு அத்தை என் கன்னத்தில் தனகாப் பட்டையை அரைத்துப் பூசிவிட்டாள், பூசிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு ஏன் எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று யோசித்து, கிறிஸ்மஸ் அல்லவா என்று முடிவு கட்டினேன்.

அந்த மத்தியானம் மாமா அடுப்படிக்கு வரவில்லை. படம் வேண்டாம் என்று அவர் சொன்னதாகவும், வருஷா வருஷம் போடுவதை நிறுத்தினால் பிள்ளை ஏன் என்று கேட்பாளே என்று அம்மா சொன்னதாகவும் பிற்பாடு தெரிந்தது.

சாயங்காலம் கரண்ட் இருந்தது. கூட்டம் வழக்கம்போல. நான் முதல் வரிசையில், மாமாவின் முக்காலிக்குக் கீழே. அப்பாவுக்கென்று என் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன், யாரையும் உட்கார விடவில்லை. மாமா அன்று நன்றாகக் கதை சொல்லவில்லை. டிரைவர் புறப்பட்டார், ரயில் போனது, பனி கொட்டியது. கதவு தட்டப்பட்டது.

அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். தாடிக்காரர் நின்றார். மாமா வாயைத் திறந்து, மூடினார். வழக்கமாக அவர் அங்கே சொல்வது, "தங்கச்சி, நான் அவரு இல்லம்மா" என்பது. குனிந்து என்னைப் பார்த்தார். நான் பிடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"வந்துட்டேம்மா" என்றார். "வழியெல்லாம் பனி. அதான் நேரமாயிடுச்சு. தாடி வளந்துடுச்சா, அடையாளம் தெரியலயா உனக்கு? நான்தாம்மா. வந்துட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பையன், "அது அவர் இல்லையே, போன வருசம்…" என்று ஆரம்பித்து, 'ஆ' என்று அலறினான். அவன் அம்மா தொடையில் கிள்ளியிருக்கவேண்டும். கீழ்வீட்டு அத்தைதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். தோளில் கிடந்த துண்டால் வாயை அழுத்திக்கொண்டு, "லாபீ, லாபீ" என்றாள். வந்துட்டார், வந்துட்டார் என்று அர்த்தம். உடனே இன்னும் இரண்டு மூன்று பேர், லாபீ, லாபீ.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். எனக்கு அதில் விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வரமுடியாதவர் இந்த வருஷம் வந்துவிட்டார். இவ்வளவு பேர் இத்தனை வருஷம் காத்திருந்தால் வரமாட்டாரா என்ன? திரையில் அந்த அம்மாள் அவர் மேல் சாய்ந்து அழுதாள். அது சந்தோஷத்தில்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"தம்பி, அந்த எடத்த இன்னொரு தடவ போடு."

மாமா திரும்பிப் பார்த்தார். "வேணாங்க்கா."

"போடு. நீயும் சொல்லு."

மாமா கேஸட்டைப் பின்னால் ஓட்டினார். மறுபடி கதவு தட்டப்பட்டது. அம்மா எழுந்து, கூட்டத்தின் நடுவே நடந்துவந்து, நான் அப்பாவுக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் டிவியைப் பார்க்கவில்லை. மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் சொல்லும்போது மாமாவின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "வந்துட்டேம்மா… நேரமாயிடுச்சு…" அவர் திணறி நிறுத்திய இடங்களிலெல்லாம் தாடிக்காரர் இங்கிலீஷில் பேசுவது தெளிவாகக் கேட்டது. அந்த அறையில் அது புரிகிற ஒரே ஆள் அம்மா.

எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் பின்வரிசையில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒருவழியாகப் படம் பிடித்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்து, "உனக்கும் புடிச்சிருக்காம்மா?" என்றேன்.

"ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள்.

"அப்ப இன்னொரு தடவ போடச் சொல்லும்மா" என்றேன் நான்.