மண்டிக் காலண்டரில் ஒரு குரங்குச் செல்

விருதுநகருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சூப்பர் ரெசல்யூஷன் மைக்ராஸ்கோப்பை ஓட்டுவது என் வேலை. முதல் நாள், மிஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் சொன்னார்: "மேடம், இதுக்கு மனுஷங்களே ஆகாது. படம் எடுக்க ரன் போட்டுட்டா ஒரு ஆளுக்கு மேல உள்ள வேண்டாம், லேசா ஆடினாலே போச்சு."

அந்த ஒரு ஆள் நான்தான். இருட்டு, ஏசி குளிர், ஃபேன் இரைச்சல். டெக்னிக்கை யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இந்தத் தனிமையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

1. ஓட்டை இல்லாத மிஷின்

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்ட வேலை இது. அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறேன் என்று வீட்டில் ஒருவராவது வந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. மிளகாய் மண்டி வைத்திருக்கும் அப்பா ஒரு மதியம் கடையிலிருந்து நேராக வந்தார்.

"என்னத்தா இது, கண்ணு வச்சுப் பாக்க ஓட்டையே இல்ல?"

திரையில் புள்ளிகள் மின்னி மின்னி அணைந்தன. குரங்கின் சிறுநீரகச் செல். அதன் மைட்டோகாண்ட்ரியாவில் ஒளிரும் சாயம் ஒட்டியிருக்கிறோம். ஒரு நேரத்தில் சில மூலக்கூறுகள்தான் ஒளிரும். ஒவ்வொன்றின் மையத்தையும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். புள்ளி நெட்டையாக நீண்டால் அந்த மூலக்கூறு செல்லின் மேல்பக்கம் இருக்கிறது, படுக்கையாக நீண்டால் ஆழத்தில். எல்லாம் சேர்ந்தால்தான் படம் என்று விளக்கினேன்.

"எம்புட்டு நேரமாகும்?"

"சாயங்காலம் ஆயிரும்பா."

"ஆகட்டும், இருக்கேன்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. தும்மல்

அவர் சட்டையெல்லாம் மிளகாய் வத்தல் தூசி. அது என் மூக்கில் ஏறி, அடக்கப் பார்த்து, முடியாமல் தும்மியதில் மேசையில் முட்டிக்கொண்டேன். ஃபோகஸ் போனது. ரன் வீண்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. "நான் கிளம்புறேந்தா. கடைக்கு லோடு வர்ற நேரம்."

"இருங்கப்பா, மறுபடி போடுறேன்."

அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தனியாக மறுபடி ரன் போட்டேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு படம் வந்தது. மேலே ஓடும் மைட்டோகாண்ட்ரியா இழைகள் சிவப்பு, ஆழத்தில் இருப்பவை நீலம். "இங்க பாருங்கப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நாற்காலி காலியாக இருந்தது. அன்றைக்கு அழுதேன். படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது, அவ்வளவுதான்.

3. காலண்டர்

புது வருஷத்தில் மண்டிக்குப் போனேன். சிவகாசியில் ஆர்டர் கொடுத்து அப்பா வருஷா வருஷம் அடிக்கும் காலண்டர் தொங்கியது. வழக்கமாக லட்சுமி படம் இருக்கும் இடத்தில் என் மைட்டோகாண்ட்ரியா. பிரஸ்காரர் தன் பங்குக்குச் சுற்றிலும் மாவிலை பார்டர் போட்டிருந்தார்.

"இது என்ன சாமி, அண்ணாச்சி?" என்றார் ஒரு வியாபாரி.

"எம் மக மிசின்ல பாத்ததுய்யா" என்றார் அப்பா.

நான் அவர் காதருகே போய், "அப்பா, அது குரங்கு கிட்னி" என்றேன்.

"இருக்கட்டும், ஆஞ்சநேயர்னு வச்சுக்கிடுவோம்."

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீக?"

"ஒத்தையில பாத்துக்கிட்டுக் கெடந்தியேத்தா. நாலு பேரு பாக்கட்டுமே."

இன்றும் அந்த அறையில் நான் ஒருத்திதான். தனிமை எங்கும் போய்விடவில்லை. ஆனால் படம் வந்துவிட்டால் வாட்ச்மேனையாவது கேன்டீன் அக்காவையாவது இழுத்துவந்து அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறேன். இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளே, ரன் ஓடும்போது கதவைச் சாத்துங்கள். படம் வந்ததும் திறந்து, முதலில் தென்படும் ஆளைக் கூப்பிடுங்கள். அவருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.