ஓடையைச் சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊருக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் ப்ளீச்சிங் பவுடர் வந்துவிடும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், கம்பெனி பஸ்கள் பறக்கும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. அதிகாரி வந்தாலும் சரி, கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுக்க வந்தாலும் சரி, முதல் நாளே தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு விழும். குப்பைத் தொட்டி காணாமல் போகும். நாய்களைக்கூட யாரோ எங்கேயோ ஓட்டிவிட்டு வருவார்கள். ஆள் வந்தால் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ‘அ’ எழுதக் கற்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நான் செய்த அநியாயத்துக்கு இந்த அறிவுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி ஒரு சிவப்புக் கோடு.

அம்மா அதற்கு முன்பு ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. திடீரென்று ஒரு நாள் அந்த லைனையே மூடிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்து அம்மாவுக்குப் பழக்கமில்லை. வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் இரண்டு முறை தேய்த்து முடித்து, மூன்றாவது முறைக்குப் புளி ஊறவைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தத் தொண்டு நிறுவனம் ஊருக்கு வந்தது.

ஊருக்கு மேற்கே இருந்த மேட்டு நிலத்தை ஷெட் போடுவதற்காகப் புல் பூண்டு இல்லாமல் சுரண்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் மண் கரைந்து, பார்சல் தெர்மாகோலையும் ஆயிலையும் சேர்த்துக்கொண்டு ஓடையில் இறங்கும். மேட்டில் புங்கங்கன்றும் நாவல்கன்றும் நட்டு, ஓடைக் கரையில் வெட்டிவேர் வைத்து, குறுக்கே இடுப்புயரத்துக்குக் கல் தடுப்புக் கட்டினால் மண் நின்றுவிடும், தண்ணீர் மட்டும் போகும் என்று அவர்கள் சொன்னார்கள். பத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். அம்மாவை லீடர் ஆக்கினார்கள். அன்று சாயங்காலம் அம்மா கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கார் ஏற்றும் ட்ரெய்லர் ஓட்டினார். ஒரகடத்தில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்குவார். வாரத்துக்கு ஒரு வேளையாவது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மாவின் வேலையைப் பற்றி ஊரில் அவர் ஒருவருக்குத்தான் முழுதாகப் புரிந்திருந்தது. எனக்கும் தட்டிலேயே விரலால் கோடு இழுத்து விளக்குவார்.

“நம்ம ஓட தண்ணி ஏரிக்குப் போவுது. ஏரி ரொம்புனா ஆத்துக்கு. ஆறு கடலுக்கு. கடல் சும்மா கீதா? மண்ண அப்டியே வடக்கால தள்ளிகினு போய் ஹார்பர் வாயில கொட்டிடுது. அங்க ஒரு கப்பல் மண்ண உறிஞ்சிகினே கீது. அது உறிஞ்ச உறிஞ்ச, நம்ம ஊரு அனுப்பிகினே கீது. உங்கம்மா இங்க புடிச்சி வெச்சாத்தான் அங்க கப்பல் உள்ள வரும்.”

அம்மாவை ‘ஹார்பர் மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுவார். “மேனேஜரம்மா, இன்னொரு கரண்டி கொயம்பு.” அம்மா முறைப்பாள். முறைத்துவிட்டு இரண்டு கரண்டி ஊற்றுவாள்.

தடுப்புக்கு மேல்பக்கம், தண்ணீர் வந்து மோதும் இடத்தில், ஓர் இரும்புக் குழாயை நட்டு, வெள்ளையடித்து, சாண் சாணாகக் கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். உச்சியில் ஒரு சிவப்புக் கோடு. மழைக்காலம் முடிவதற்குள் மண் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் திட்டம் பலித்தது என்று அர்த்தம். சுற்றியிருந்த மற்ற நான்கு ஓடைகளிலும் இதே பெண்களுக்கு மூன்று வருஷ வேலை, அம்மாவே லீடர். தொடாவிட்டால் அவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அதாவது சகதி எவ்வளவுக்கெவ்வளவு சேருகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. இதை அம்மா வீட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நான் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு தெரியும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு பெருவெள்ளம். ஏரி மதகில் இருந்த அளவுகோலிலும் சிவப்பாக ஒரு கோடு உண்டு. அப்பா அரை மணிக்கு ஒரு தடவை குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். “இன்னும் நாலு வெரக்கடதான்” என்று நாலு விரலைச் சேர்த்துக் காட்டுவார். “ரெண்டு வெரக்கட” என்றபோது அம்மா துணிகளை மூட்டை கட்டினாள். மூன்று நாள் பள்ளிக்கூட மாடியில் கிடந்தோம். சிவப்புக் கோட்டை ஏதாவது தொட வருகிறது என்றால் ஓட வேண்டும் என்று அன்றிலிருந்து என் வயிற்றுக்குத் தெரியும்.

அதனால் ஐப்பசியில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அம்மா ஓடைக்குப் போய், குனிந்து, குழாயில் விரல் வைத்து, “இன்னும் ரெண்டு வெரக்கடதான்” என்று மற்ற பெண்களிடம் சொன்னபோதெல்லாம் நான் வீட்டுக்கு ஓடிப் புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றி வைத்தேன். யாரும் கால் வைக்கக் கூடாதென்று அவள் சேற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தாள். கார்த்திகையில் ஒரு காலை மண் கோட்டைத் தாண்டிவிட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயத்தில் அழுகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை அளவு பார்க்கத் தொண்டு நிறுவனத்து மேடம் வருகிறார் என்றார்கள். சனிக்கிழமையே தெருவில் ப்ளீச்சிங் பவுடர் விழுந்தது. ஓடைப்பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அங்கே சேறும், பாலிதீன் பையும், டீ கப்பும், ஒற்றைச் செருப்பும் அப்படியே கிடந்தன. போதாததற்கு அன்று மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டே, “அந்த நாத்தத்துக்கு மேடம் மூக்க பொத்திகினு ஓடிடப் போறாங்க” என்றார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மறைமலை நகரில் ஒரு காதுகுத்துக்குப் போனாள். நான் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் பேசினை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். அரை மணி நேரம் அள்ளினேன். சேறு குறையவில்லை, என் பாவாடைதான் நிறம் மாறியது.

பக்கத்து நிலத்தில் ஏதோ ஷெட்டுக்குப் பொக்லைன் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டிய அண்ணன் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த மூன்று பேரில் ஒருவர். அம்மாவின் குழம்பு மாடிக்கும் போகும். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

“ஏ பாப்பா, இங்க வந்து என்ன செய்தே? வண்டி திரும்பும்லா, தள்ளி நில்லு.”

“அண்ணா, அந்த சேத்த அள்ளித் தர்றியா? நாளைக்கு மேடம் வராங்க. அம்மா அள்ளச் சொல்லுச்சு.”

“அக்காவா சொன்னாவ?” அவர் சந்தேகமாகப் பார்த்தார். “முள்ளெல்லாம் போட்டுப் பாத்துக்கிட்டுல்லா இருந்தாவ?”

“அழுக்குல யாரும் கால வெக்கக் கூடாதுன்னுதான்.”

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா சொன்னால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. வண்டியைக் கரைக்குக் கொண்டுவந்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூன்று மாத மழை சேர்த்த மண்ணைப் பக்கெட் பக்கெட்டாக அள்ளித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டார். பொக்லைன் ஓடினால் வேடிக்கை பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் கையை ஆட்டி ‘இந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்று உத்தரவு போட்டேன். அளவுக் குழாயில் ஒரு கீறல்கூட விழாமல் அவர் அள்ளினார். பிறகு நான் இறங்கித் தேங்காய் நாரால் குழாயை அடி முதல் நுனிவரை தேய்த்துக் கழுவினேன். அது பளபளவென்று நின்றது.

நாலு மணிக்கு மழை பிடித்தது. கொட்டி வைத்த மண் கரைந்து ஏரியைப் பார்த்து ஓடியது. மழையும் நமக்கு ஒத்தாசை செய்கிறதே என்று நான் கை தட்டினேன்.

அம்மா பஸ் இறங்கி நேராக ஓடைக்குத்தான் வந்தாள். மழை பெய்தால் அவள் முதலில் அங்கேதான் போவாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் பார்த்தாள். பட்டுப்புடவையோடு ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவள் எதிரில் நின்றேன்.

“யார்டி?” என்றாள் கடைசியாக.

“நான்தாம்மா! நீ சொன்னேன்னு சொல்லி பொக்லைன் அண்ணன அள்ள வெச்சேன்.”

அம்மாவின் கை ஓங்கியது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓங்கிய கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, என் கன்னத்தில் காய்ந்திருந்த சேற்றைத் துடைத்தது.

“யாராண்டயும் சொல்லாத. அந்த அண்ணனாண்ட நான் பேசிக்கிறேன்.”

மேடத்துக்கு அதிசயம் காட்டப்போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடைக்கரையில் போய் நின்றேன். மேடம் காலிப் பள்ளத்தைப் பார்த்தார். பளபளக்கும் குழாயைப் பார்த்தார். பெண்கள் ஒன்பது பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். “எவன்டா வாருனான்? அவன் கை வெளங்குமா?” பொக்லைன் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கான்ட்ராக்டர் வண்டி, கான்ட்ராக்டர் டீசல். கேட்காமல் அடுத்த இடத்தில் ஓட்டியதாக ஒரு வார்த்தை போனால் அன்றைக்கே அவர் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“நான்தான் மேடம் ஆள வுட்டு அள்ளச் சொன்னேன். நீங்க வரீங்களே, சுத்தமா இருக்கட்டும்னு.”

“லீடர் நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

“தப்புதான் மேடம். எனக்குத் தோணாம போச்சு.”

அம்மாவின் போனில் மண் கோட்டைத் தாண்டிய படங்கள் இருந்தன. ஆனால் மேடம் தம் கண்ணால் பார்த்து எழுதினால்தான் அளவு. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பார்க்கலாம், அதுவரை வேலை இல்லை, அடுத்த தடவை வேறு லீடர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். பெண்கள் அம்மாவோடு பேசாமல் வீட்டுக்கு நடந்தார்கள். வெகு நாள் பேசவில்லை. ஒரு கம்பெனி கேன்டீனில் அம்மா காய் நறுக்கப் போனாள், விடிவதற்கு முன்பே வரும் பஸ்ஸில். ஆனாலும் மழை பெய்தால் வேலை முடிந்து வந்து, தனியாக ஓடைக்குப் போய்க் குழாயில் விரல் வைத்துப் பார்த்தாள். அடுத்த வருஷம் மண் மறுபடி கோட்டைத் தொட்டது. நான்கு ஓடைகளுக்கும் வேலை வந்தது. பத்துப் பேரில் ஒருத்தியாக அம்மா சேர்ந்துகொண்டாள். மாமா மட்டும் அதற்குப் பிறகு அவளை மேனேஜர் என்று கூப்பிடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அவர் கரண்டியை எடுத்துத் தானே குழம்பை ஊற்றிக்கொண்டார்.

பதில் எனக்குப் பதினாறு வயதில் கிடைத்தது. மாமா தன் ட்ரெய்லரில் என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். வேலிக்கு அப்பால் ஒரு கப்பல் கடலடி மண்ணை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதன் குழாயில் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. “நல்லா பாரு, நீ அனுப்புனதும் இதுல கீது” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, அம்மா அவரிடம் மட்டும் சொல்லியிருந்ததை எல்லாம் சொன்னார். பாதியில் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நான் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாடி கோவம்?”

“நான் பண்ணத நீ பண்ணேன்னு மேடமாண்ட சொல்லிட்டியே! எல்லாம் நான்தான பண்ணேன்? கொழா தேச்சதுகூட நான்தான்.”

அம்மா என்னையே பார்த்தாள். அவள் உதடு ஒரு மாதிரி கோணியது. சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஆமா கண்ணு. நீதான் பண்ண. அம்மாதான் பொய் சொல்லிட்டேன். தப்புதான், வுட்டுடு.”

“இன்னொரு தபா சொல்லு.”

இன்னொரு தடவை சொன்னாள். கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு முதல் உருண்டைக்கு வாய் திறந்தேன். பெரிய மனது பண்ணி, அன்று நான் அம்மாவை மன்னித்துவிட்டேன்.