மூக்கில் லீக், வாயில் பொய்

ஹைதராபாத் உப்பலில் ஒரு பம்ப் கம்பெனியில் ஜெகதீஸ்வரன் ஃபோர்மேன். அங்கே பாதிப் பேருக்கு அவரைத் தெரிவது அவர் போட்ட சண்டையால், மீதிப் பேருக்கு அந்தச் சண்டையை அவர் வாயாலேயே கேட்டதால். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம், வீடு லாலாகுடாவில். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் 'நக்கோ' என்று முடிப்பார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு வேலைக்குப் போனார். போகாதீங்க என்று மனைவி வசந்தி சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை படுத்திருப்பார். எங்கள் ஐ.சி.யு.வுக்கு வந்தபோது இரண்டு நுரையீரலும் நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தன. வென்டிலேட்டர் போட்டும் ஆக்சிஜன் ஏறவில்லை. கடைசியில் எக்மோ போட்டோம்.

எக்மோ என்றால் உடம்புக்கு வெளியே ஒரு நுரையீரல். தொடையிலிருந்து கருத்த ரத்தத்தை இழுக்கும், ஒரு வடிகட்டிப் பெட்டிக்குள் ஆக்சிஜன் ஏற்றும், கழுத்து வழியாகச் சிவப்பாகத் திருப்பித் தரும். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்துப் பக்கத்துக் குழாயில் கருப்பும் சிவப்பும் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இதில் ஒரு வம்பு உண்டு. பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்து ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அது ஓடினால் ஆளுக்கு எங்கேயாவது ரத்தம் கசியும். போதாததற்கு, ரத்தத்தை நிறுத்துகிற பிளேட்லெட்டுகளை மெஷினே அரைத்துத் தீர்க்கும். உறைந்தால் மெஷின் போச்சு, ஒழுகினால் ஆள் போச்சு. நடுவில் நாங்கள் கயிற்றில் நடக்கிறோம்.

ஜெகதீஸ்வரன் சார் கொஞ்சம் தேறியதும் தொண்டைக் குழாயை எடுத்து ஆக்சிஜன் முகமூடி வைத்தோம். ஆள் முழித்துக்கொண்டார், அதாவது எங்கள் நிம்மதி போனது. நாகர்கோவில்காரர் ஆண்டனி அண்ணன்தான் அவருடைய நர்ஸ். அவரிடம் சார் கேட்ட முதல் கேள்வியே மெஷினில் பம்ப் எத்தனை சுற்று ஓடுகிறது என்பதுதான். அண்ணன் சொன்னதும், எங்கள் கம்பெனியில் இதைவிட நன்றாகச் செய்வோம் என்றார்.

பிறகு ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பித்தது. காரணம் தெரியவில்லை. மலம் தார் மாதிரி கருப்பாகப் போனது. வயிற்றுக்குள் எங்கோ ஒழுகுகிறது என்று டாக்டர் பத்மஜாவுக்குச் சந்தேகம். ஸ்கேனுக்குக் கொண்டுபோக முடிவானது. எக்மோ நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோவது சாமி ஊர்வலம் மாதிரி. முன்னால் ஒருவர் வழி விலக்க, பின்னால் சிலிண்டர் வர, நான் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். வழியில் ஒரு குழாய் இழுபட்டால் எல்லாம் முடிந்தது.

கிளம்பத் தயாரானோம். படுக்கையை மாற்ற ஆண்டனி அண்ணன் தலையணையைத் தூக்கினார். அடியில் ரத்தத்தில் ஊறிய காஸ் துணிகள், அழகாக மடித்து அடுக்கியிருந்தன.

மூக்கிலிருந்து ஒழுகியிருக்கிறது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் சத்தம் கேட்டதும் முகமூடிக்குள் கையை விட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, 'எல்லாம் ஓகே' என்று கட்டைவிரல் காட்டியிருக்கிறார். மிச்சத்தையெல்லாம் விழுங்கியிருக்கிறார். வயிற்றில் கருத்தது அந்த ரத்தம்தான்.

ஏன் சார் இப்படி என்று ஆண்டனி அண்ணன் கேட்டார்.

"க்யூ.சி. செக்கிங் வர்றதுக்கு முன்னாடி ஒழுகற ஜாயின்ட்ட துடைச்சு வெக்கறதுதானேப்பா? துடைச்சா பாஸ். பம்ப் வெளிய போயிடும்."

எங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் ஒழுகுவது உங்கள் கம்பெனியால்தானா என்று டாக்டர் பத்மஜா தெலுங்கில் கேட்டார். சார் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ரத்தம் வந்தா மருந்த நிறுத்தணும், நிறுத்துனா மெஷின் அடைச்சிக்கும்னு நீங்கதானே மேடம் அன்னிக்கு வெளிய பேசிட்டிருந்தீங்க. மெஷின் நின்னா நானும் நின்னேன். பயமா இருந்துச்சு."

கோபமாக வந்த எனக்கு அதற்குப்பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூக்கை அடைத்தார்கள். ஹெப்பாரினை நிறுத்தினார்கள். பிளேட்லெட் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. கம்பெனியிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய வந்தார்கள். முந்தின நாள் 'போனாலு', குடி இல்லாமல் நடக்காத இந்த ஊர் அம்மன் பண்டிகை. ரத்த வங்கிக்காரர் வாசலிலேயே வாசம் பிடித்து எல்லோரையும் திருப்பி அனுப்பினார். பண்டிகைக்குக் குடிக்காத ஒருவர் மூட்டுவலி மாத்திரை போட்டிருந்தார், அது பிளேட்லெட்டைக் கெடுக்கும் என்று அவரையும் அனுப்பினார். கடைசியில் வசந்தி அக்கா தன் தம்பி தமிழ்ச்செல்வனைக் கூப்பிட்டார். ஐ.டி. வேலை. தன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் ஜெகதீஸ்வரனை 'மோட்டார் மெக்கானிக்' என்று அறிமுகப்படுத்தியவன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கொடுத்தது அவன் என்று சாரிடம் யாரும் சொல்லக்கூடாது என்று அக்கா எங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார்.

மூக்கில் ரத்தம் நின்றது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் வடிகட்டிப் பெட்டிக்குள் கரும்புள்ளிகள் வளர்ந்துகொண்டிருந்தன. புதிது மாற்றுவதற்குமுன், மெஷின் இல்லாமல் தாங்குகிறாரா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். பெட்டிக்குப் போகும் ஆக்சிஜனை மூடவேண்டும், அவ்வளவுதான். மூடினேன். என் கை திருகைத் தொட்டதைப் பார்த்ததுமே அவருக்கு இரைக்க ஆரம்பித்துவிட்டது. திறந்துவிட்டேன்.

மறுநாள் இன்னொரு முறை பார்ப்போம், எப்போது என்று சொல்லமாட்டேன் என்று டாக்டர் அவரிடம் சொல்லி வைத்தார். அடுத்த நாள் வசந்தி அக்கா உள்ளே நுழையும்போது டாக்டர் எனக்குக் கண் காட்டினார்.

"தம்பி வந்திருக்கான். வெளிய நிக்கறான்" என்றார் அக்கா.

"யாரு, அந்தத் துரையா? எதுக்கு வந்தான்? நான் போயிட்டேனான்னு பாக்கவா?"

"நீங்க போகாம இருக்கறதே அவனாலதாங்க. உங்களுக்கு ஏத்துனது அவன் பிளேட்லெட்."

சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நக்கோ. எடுத்துடச் சொல்லு."

"எடுத்து எங்க ஊத்தறது?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. கிரகப்பிரவேசத்தில் போட்ட சாம்பாரில் ஆரம்பித்து, அந்த வீட்டுக் குழாய்களின் தரம், தமிழ்ச்செல்வன் கார் நிறுத்தும் லட்சணம், ஃபோர்மேனுக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று முகமூடிக்குள்ளிருந்து கரகரத்துக்கொண்டே போனார். அக்கா விடவில்லை, வரிக்கு வரி பதில் கொடுத்தார். டாக்டர் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடுவில் அவர் பார்வை குழாய்களில் விழுந்தது. இரண்டும் ஒரே கருப்பு. பேச்சு நின்றது.

"மூடிட்டியாம்மா?"

"ஆமா சார்."

"எப்போ?"

"அக்கா உள்ள வந்தப்பவே."

ஒரு மூச்சு இழுத்தார். விட்டார். இன்னொன்று. எனக்குக் கண்ணீர் மறைத்து மானிட்டர் எண் தெரியவில்லை. ஆண்டனி அண்ணன்தான் படித்துச் சொன்னார். ஆக்சிஜன் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் அவர் தன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வசந்தி அக்கா பக்கம் திரும்பினார்.

"அவன உள்ள வரச் சொல்லு. நான் ஃபோர்மேனா மெக்கானிக்கான்னு நேர்லயே கேக்கறேன்."